மாஸ்டருக்குத் தெரியக்கூடாது

ஏலக்காய் வாசனை எனக்குப் பிடிக்காது. போடிநாயக்கனூரில் பிறந்தவன் இதை வெளியே சொல்ல முடியாது. இந்த ஊரில் பாயசத்தில் போடுவார்கள், டீயில் போடுவார்கள், பெரிய மனிதர் யாராவது வந்தால் மாலையாகக் கோத்துக் கழுத்திலும் போடுவார்கள். எனக்கு அது வெகுநாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்ததுபோல் இருக்கும். நீங்கள் வரவழைத்துக் கொடுத்த டீயில் ஏலக்காய் இல்லை. நன்றி, மேடம்.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. முத்துக்கண்ணன் இறந்ததைப் பற்றி உங்கள் ஆட்கள் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அவனுடைய ஊசி மருந்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததாக அவன் மனைவி சூர்யகலா சொன்னாள். நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அவள் மறக்கவில்லை. அழுகிற பெண் தன்மேல் பழி போட்டுக்கொண்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, வேலை சுருக்கமாக முடிந்துவிடுகிறது. இந்த ஊரில் எல்லா வேலையும் அப்படித்தான் முடிகிறது. ஆனால் பிழை பிழைதான்.

வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் குறுக்கிடாதீர்கள். முதலில் விளையாட்டு.

ஒரு மேசை. சுற்றி நாலைந்து பேர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக இருப்பார்கள். ஒருவன் திருடன், ஒருத்தி வைத்தியக்காரி, ஒருவன் போர்வீரன். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுத்துக்கொள்ளாமல் உலகத்தை நடத்துவார். காடு, கோட்டை, எதிரி, மழை எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். ‘கதவைத் திறக்கிறேன்’ என்று நீங்கள் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். உலகம் முழுக்க வளர்ந்தவர்கள் வாரா வாரம் கூடி இதை விளையாடுகிறார்கள். உங்கள் ஏட்டு சிரிக்கிறார். பரவாயில்லை, போடியில் எல்லோரும் முதலில் அப்படித்தான் சிரித்தார்கள்.

நான் இதைப் பெங்களூரில் முறையாகக் கற்றுக்கொண்டவன். கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலத்தில் இங்கே அப்பாவின் வீட்டுக்குத் திரும்பினேன். அவர் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். பெங்களூரில் என்னோடு விளையாடியவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவார்கள், விதியைப் பற்றி வாதாடுவார்கள். இங்கே எனக்குக் கிடைத்தவர்கள் மூன்று பேர்.

பைரோஸ், ஏலக்காய் வியாபாரி சாதிக் பாட்சாவின் மகன். அவர்கள் குடோனுக்கு மேலே இருந்த காலி அறையில்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் விளையாடினோம். எதைச் சொன்னாலும் ‘சூப்பர்ணே’ என்பான். மூளைக்குப் பதிலாக நல்ல குணம் வாய்த்தவர்களில் ஒருவன். அவனோடு பள்ளியில் படித்தவன் முத்துக்கண்ணன். ராசிங்காபுரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் வாத்தியார். அவன் மனைவி சூர்யகலா ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மூவரில் அவளுக்கு மட்டும் விதிகள் ஓரளவு நினைவிருக்கும். பைரோஸின் அம்மா பாத்துமுத்து தட்டு நிறையக் கறி சமோசா அனுப்புவார். உண்மையில் அவர்கள் சமோசாவுக்குத்தான் வந்தார்கள் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

உலகத்தை நடத்துகிறவரை ‘கேம் மாஸ்டர்’ என்பது வழக்கம். முதல் நாளே இதை விளக்கினேன். முத்துக்கண்ணன் சமோசாவை மென்றுகொண்டே சொன்னான்:

“பரோட்டா மாஸ்டர் இருக்காரு, டெய்லர் மாஸ்டர் இருக்காரு, இப்ப கேம் மாஸ்டரா? சரி மாஸ்டரே, ரெண்டு செட்டு கொத்திப் போடுங்க.”

மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முதல் நான் அவர்களுக்கு ‘மாஸ்டர்’ ஆனேன்.

நான் கட்டிய உலகம் ஒரு பனி நாடு. பல ஆண்டுகளாக அதைக் கட்டியிருந்தேன். அதற்குத் தனியாக ஆறுகள், அரச வம்சங்கள், மாதங்களின் பெயர்கள் உண்டு. அந்த நாட்டின் வடகோட்டைக்குள் முத்துக்கண்ணன் எடுத்த பாத்திரத்தின் பெயர் என்ன தெரியுமா? சுருளி. திருடன் சுருளி. பனி மலையைப் பற்றி நான் வர்ணித்துக்கொண்டிருக்கும்போது, “மாஸ்டரே, இங்க டீக்கடை கீக்கடை ஏதும் இருக்கா? குளுருது,” என்பான். அரசியிடம் பேசச் சொன்னால், “என்னத்தா, சௌக்கியமா?” என்பான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது ‘பெட்டி இருக்கா?’ என்பதுதான். இருக்கிற பெட்டியையெல்லாம் திறப்பான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், அவன் எப்படிப்பட்டவன் என்று புரியும். அந்தக் கதையின் உச்சமாக ஒரு டிராகனை வைத்திருந்தேன். மலையளவு நாகம், நெருப்பைக் கக்கும். அதன் குகைக்கு அவர்கள் வந்து சேரவே ஒரு கோடை முழுக்க ஆனது. அதன் குரலுக்காக நான் வீட்டில் தனியாகப் பேசிப் பழகியிருந்தேன். குகைக்குள் நுழைந்தார்கள். நாகம் தலை தூக்கியது. மற்ற இருவரும் ஆயுதத்தைத் தொட்டார்கள். முத்துக்கண்ணன் கையை உயர்த்தி, “இருங்கப்பா,” என்றான். பிறகு நாகத்தைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, கேட்டான்:

“என்ன அப்பு, தனியாவா இருக்க? சாப்ட்டியா?”

பகடையை உருட்டினான். இருபது விழுந்தது.

விதிப்படி நாகம் மனம் இளகியாக வேண்டும். இளகியது. நானே என் வாயால் அதை இளக வைத்தேன். பகடையில் என்ன விழுகிறதோ அதுதான். அதில் நான் பொய் சொல்கிறவன் இல்லை. பைரோஸ் மேசையைத் தட்டிக் கூத்தாடினான். சூர்யகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம்ங்க அது, இத்தன வருசமா அதுகிட்ட யாருமே கேக்கல பாருங்க,” என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் உலகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற மனிதர்கள். அன்று நான் வீட்டுக்குப் போய் எதுவும் சாப்பிடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் ஒரு நல்ல முறை உண்டு. தொடங்குமுன் எல்லோரும் உட்கார்ந்து தமக்குத் தாங்காத விஷயம் எது என்று சொல்வார்கள். அது கதைக்குள் வராமல் பார்த்துக்கொள்வது நடத்துகிறவரின் கடமை. பைரோஸ் கிணறு என்றான். அவனுடைய சின்னம்மா மகன் கிணற்றில் போனவன். சூர்யகலா சிறு குழந்தை சாவது வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

முத்துக்கண்ணன் சிரித்துக்கொண்டே, “தேனீ, மாஸ்டரே,” என்றான்.

சூர்யகலாதான் விளக்கினாள். கல்லூரிக் காலத்தில் பொட்டிபுரம் மலையடிவாரத்தில் நண்பர்களோடு போனபோது தேனீ கொட்டி, முகம் வீங்கி மூச்சு நின்று, பிழைத்ததே பெரிய காரியமாம். அடுத்த முறை கொட்டினால் தாமதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசியும் மருந்தும் ஒரு சின்ன நீல டப்பாவில் எப்போதும் அவன் தோள்பையில் இருக்கும். எப்படிப் போடுவது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். “இது இல்லாம இவர வாசப்படி தாண்ட விடமாட்டேன்,” என்று சொல்லி டப்பாவை எடுத்துக் காட்டினாள்.

நான் வாக்குக் கொடுத்தேன். கதையில் ஒரு தடவைகூட தேனீ வந்ததில்லை. தேன்கூடு வரவேண்டிய ஒரு காட்டைக்கூட மாற்றி எழுதினேன். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். என் பகடைப் பையைக் குடோன் அறையில் விட்டுவிட்டேன் என்று நினைவு வந்து, வேலை முடிந்ததும் எடுக்கப் போனேன். கீழே மூட்டைகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் பாதி ஏறும்போது மேலே பேச்சுக் கேட்டது. முத்துக்கண்ணன் குரல்.

“போடிமெட்டுக்கு ஏறுற ரோட்டுல, வளைவுல ஒரு ஜீப்பு நிக்கிது. எஞ்சின் ஓடுது. லைட்டு எரியுது. டிரைவரக் காணோம். மூடாக்குன்னா மூடாக்கு, கைய நீட்டுனா கை தெரியல. பின்சீட்டுல போர்வைய மூடி யாரோ ஒக்காந்திருக்காக. எஸ்டேட்டுக்குப் போற பொம்பளயாட்டம் இருக்கு. நீங்க கிட்டப் போறீக. என்ன செய்வீக?”

அவன் கதை நடத்திக்கொண்டிருந்தான். புத்தகம் இல்லை, வரைபடம் இல்லை, தினமும் பஸ்சில் பார்க்கிற ரோட்டை வைத்துக்கொண்டு. பகடை உருளும் சத்தம் வந்தது. அவர்கள் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. மூச்சுகூடக் கேட்கவில்லை. பிறகு பைரோஸ், மிக மெதுவாக, “மாப்ளே, போர்வையத் தொடலாமா?” என்று கேட்டான்.

என் மேசையில் அவன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சூர்யகலாவின் குரல் தனியாகக் கேட்டது: “நல்லா வந்திருக்குங்க. ஆனா மாஸ்டருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா எல்லாம் போச்சு.”

நான் படியிறங்கி வந்துவிட்டேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபப்படுகிறவன் அன்றைக்கே மேலே ஏறிச் சத்தம் போட்டிருப்பான். எனக்குத் தோன்றியது அருவருப்பு மட்டும். ஒரு நல்ல விஷயத்தை ஒருவன் கையில் எடுத்துச் சந்தைச் சரக்காக மாற்றுகிறான், மற்றவர்கள் அதைக் கண்ணை விரித்துப் பார்க்கிறார்கள் என்றால், அதை யாராவது நிறுத்தத்தானே வேண்டும்.

பைரோஸின் மாமாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு ஞாயிறு பகல் முழுக்க ஆட்டம் வைக்கலாம் என்று நான் சொன்னேன். பாதி மேசையில், பாதி வெளியே நடந்து தேடுவதுபோல. மூவரும் குதித்தார்கள். சூர்யகலா மட்டும், “அண்ணே, அங்க தேனீ?” என்று இழுத்தாள். பைரோஸ் உடனே சொன்னான்: “நம்ம ஸ்டோர்ப் பக்கம் ஒண்ணும் கெடையாதுக்கா. அதெல்லாம் மேக்காட்டுல.” அவன் தோட்டத்துக்குப் போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

நான் முன்கூட்டியே ஒருநாள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காவலாளி காசிமாயன் சுற்றிக் காட்டினார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் கட்டிடத்துக்குக் கொஞ்சம் கீழே ஓட்டுக் கொட்டாய் ஒன்று இருந்தது. அதன் பின்னால் போகாதீர்கள் என்றார்.

“பெட்டித் தேனீ வச்சிருக்கோம் சார். இது பூப்பூக்குற நேரம்ல. அது வந்து ஒக்காந்தாத்தான காய் பிடிக்கும். மலையாளத்தானுக கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்கானுக.”

அந்த ஞாயிறு தனக்கு ராசிங்காபுரத்தில் கல்யாணச் சோலி இருக்கிறது, பைரோஸ் தம்பியிடம் தேனீயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். சொல்கிறேன் என்றேன். நீங்கள் காசிமாயனை விசாரிக்கவே இல்லை, மேடம். விசாரித்திருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்து பேச வேண்டிய அவசியம் வந்திருக்காது.

அந்த வாரம் சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை வெறித்து வெயில் அடித்தது. பைரோஸ் ஜீப்பு ஓட்டினான். முத்துக்கண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு ஏதோ பாட்டை இழுத்துக்கொண்டு வந்தான். போடிமெட்டில் டீ குடிக்க மூவரும் இறங்கினார்கள். எனக்கு ஏலக்காய் டீ வேண்டாம் என்று நான் வண்டியிலேயே இருந்தேன். அவனுடைய தோள்பை என் பக்கத்தில் கிடந்தது. நீல டப்பாவை எடுத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மேலே பொத்தானைப் போட்டேன்.

முத்துக்கண்ணன் ஒரு பொட்டலத்தோடு ஓடிவந்தான். “மாஸ்டரே, டீதான் வேணாம்னுட்டீக, வடையாச்சும் தின்னுங்க. காலைல எதுவும் சாப்ட்டிருக்க மாட்டீக.” சூடாக இருந்தது. தின்றேன்.

தோட்டத்தில் மற்றவர்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது, ஆட்டத்துக்கு இடம் தயார் செய்கிறேன் என்று நான் முதலில் இறங்கிப் போனேன். ஓட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் இருந்த பெட்டிகளில், மற்றவை கண்ணில் படாதபடி செடிகளுக்கு இந்தப் பக்கம் தனியாக இருந்த கடைசிப் பெட்டிமேல், தேனீ வந்துபோகும் துளையை மறைத்துப் பழைய சாக்கைப் போர்த்தினேன். பக்கத்தில் நின்று பார்த்தாலும் வெறும் மரப்பெட்டி.

ஆட்டம் நன்றாகப் போயிற்று. சமவெளியில் யாருக்கும் வராத அக்கறை மலைக்காற்றில் அவர்களுக்கு வந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இனி ஒருவர் மட்டும் தனியாக வெளியே போய்ப் புதையலை எடுத்து வரவேண்டும், ஆளுக்கு ஒரு எண், யார் என்று பகடை சொல்லட்டும் என்றேன். நடத்துகிறவர் முன்னால் ஒரு தடுப்பு அட்டை இருக்கும். அதன் பின்னால் உருட்டினேன். விழுந்தது பைரோஸின் எண்.

“முத்துக்கண்ணன்,” என்றேன்.

பகடையைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது. அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

“எங்க மாஸ்டரே போகணும்?”

“கொட்டாய்க்குப் பின்னால. அங்கே ஒரு பெட்டி இருக்கு.” அவ்வளவுதான் சொன்னேன். திற என்று சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

“பெட்டியா!” என்று எழுந்து ஓடினான். நாற்பதை நெருங்கிய வாத்தியார், பள்ளிப் பிள்ளைபோல ஓடினான்.

திரும்பி வரும்போதும் ஓடித்தான் வந்தான். கைகளால் முகத்தைச் சுற்றி வீசிக்கொண்டு, ஆனாலும் சிரிக்க முயன்றுகொண்டு, “மாஸ்டரே, ஒங்க பூதம் கடிச்சிருச்சு,” என்றான். கழுத்திலும் காதோரத்திலும் கொட்டியிருந்தது. சூர்யகலா ஒரு விநாடி அவனைப் பார்த்தாள். அப்புறம் தோள்பைக்குப் பாய்ந்தாள்.

அவள் நிதானமாகத்தான் தேடினாள். அதை நான் மெச்சினேன். முதலில் பையின் முன்னறை, பிறகு உள்ளறை. பிறகு பையைத் தலைகீழாகக் கொட்டினாள். தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, சாக்பீஸ் துண்டுகள், ஒரு சீப்பு. கைக்குட்டையை உதறினாள். மறுபடி வெறும் பைக்குள் கையை விட்டாள். அதற்குள் அவன் உதடு தடித்துவிட்டது. கண்கள் மூடிக்கொண்டன.

“வண்டில இருக்கும் கலா,” என்றான். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. “பதறாத. வண்டில இருக்கும்.”

வண்டியில் இல்லை.

பைரோஸ் ஜீப்பைக் கிளப்பினான். பின்சீட்டில் முத்துக்கண்ணனைப் படுக்க வைத்தோம். தலையை என் மடியில் வாங்கிக்கொண்டேன், வேறு இடம் இல்லை. அவள் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, “வெரசா போ பைரோஸு, வெரசா போ,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மூடாக்கு இறங்கியிருந்தது. வளைவுகளில் எதிரே தோட்ட வேலையாட்களின் ஜீப்புகள் வந்தன, ஒதுங்கி வழிவிட்டன. ஒவ்வொரு வளைவிலும் நான் முன்னால் சாய, என் சட்டைப்பை அவன் தலையில் இடித்தது. டப்பா அங்கேதான் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு கை அசைந்தால் போதும். சில வளைவுகள் வரை அதனால் பயனும் இருந்திருக்கும். அவன் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. பிறகு பிடிக்கவில்லை.

டப்பாவை அடுத்த நாள் தனியாக மேலே போய்ப் பள்ளத்தில் எறிந்தேன். இடத்தைக் காட்டுகிறேன்.

அதன்பிறகு எல்லாம் ஊர் வழக்கப்படி நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். சூர்யகலா வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். பையில் வைத்ததாக நினைத்தேன், வைக்கவில்லை போலிருக்கிறது, என் கையாலேயே கொன்றுவிட்டேன். நான் அவள் வீட்டில் பந்தல் போட ஆள் பிடித்தேன், சேர் எடுத்துப் போட்டேன். மாமியார் மருதாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசில ஒம் மடிலதானப்பு எம் பிள்ள உசிரு போச்சு,” என்று அழுதார். ஆறுதல் சொன்னேன்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு பைரோஸ் போன் செய்தான். புதன்கிழமை குடோனுக்கு வாருங்கள் என்றான். போனேன். சூர்யகலாவும் இருந்தாள். மேசையில் பகடை வைத்திருந்தது. நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் பைரோஸ் இருந்தான். எதிரே ஒரு நாற்காலியைக் காட்டினான்.

சூர்யகலாதான் பேசினாள். “அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு மறச்சிட்டோம். புதன்கிழம புதன்கிழம நாங்க இங்க கூடிக்கிட்டிருந்தோம். ஒங்களுக்காகத்தான். வருசக்கணக்கா நீங்க எங்களுக்குக் கத நடத்துறீக. ஒரு தடவகூட நீங்க ஒக்காந்து விளையாண்டதே இல்லையேன்னு அவருக்கு ரொம்பக் கொற. ‘எல்லாரையும் விளையாட வச்சிட்டு அந்த மனுசன் தனியா அந்தப் பக்கம் ஒக்காந்திருக்காரு கலா’ம்பாரு. ஒங்க பொறந்த நாளுக்கு ஒரு கத நடத்தணும்னு பழகிக்கிட்டிருந்தாரு. நீங்க தப்புப் பிடிச்சிருவீகன்னு பயந்து, எங்கள வச்சு நடத்திப் பாத்தாரு.”

“ஒங்களுக்குன்னு ஒரு ஆளும் செஞ்சு வச்சிருந்தான் மாப்ள,” என்றான் பைரோஸ். “போடிமெட்டு செக்போஸ்ட்டுக்காரரு. மேல போறவன், கீழ வர்றவன் எல்லாத்தையும் தெரிஞ்சவரு. அவரக் கேக்காம மலையில ஒருத்தனும் ஏற முடியாது. ‘மாஸ்டருக்கு அப்படி ஒரு ஆளாத்தான் வைக்கணும்’னான்.”

மலிவான யோசனை. செக்போஸ்ட்டில் நிற்கிற ஒருவன் கதைக்குள் என்ன செய்துவிட முடியும்? துக்கத்தில் இருக்கிறவர்கள் என்பதால் உட்கார்ந்து விளையாடினேன். பைரோஸ் தனக்கு நினைவிருந்தபடி திக்கித் திக்கி நடத்தினான். வளைவில் ஜீப்பு நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, பின்சீட்டில் போர்வை. என்ன செய்வீர்கள் மாஸ்டர் என்று கேட்டான். பகடையை என் பக்கம் தள்ளினான்.

நான் உருட்டிய பகடை மேசையைத் தாண்டித் தரையில் போய் விழுந்தது. பகடையை எப்போதும் தடுப்புக்குப் பின்னால் உருட்டியவன், எல்லோரும் பார்க்க உருட்டிப் பழக்கமில்லை. அதுதான் காரணம்.

அதன்பிறகு ஒரு புதன்கிழமையையும் விடவில்லை. அவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதால் போனேன். ஆனால் கதை ஓரிடத்தில் நின்றுவிட்டது. போர்வைக்குள் யார் என்பதை முத்துக்கண்ணன் யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்குக்கூட. “அத மாஸ்டர்தான் மொதல்ல பாக்கணும்னுட்டாரு,” என்றாள் சூர்யகலா. போன வாரம் பைரோஸ் என்னிடமே கேட்டான்: “நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியாததா?” வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க யோசித்தேன். அரச வம்சங்களையே உண்டாக்கியவன் நான். ஒன்றும் வரவில்லை. அவன் அவ்வளவு ஒழுங்கில்லாமல் கட்டியிருக்கிறான்.

போன வாரம் கிளம்பும்போது சூர்யகலா பகடையைப் பொறுக்கிப் பையில் போட்டாள். போட்ட பையை மறுபடி திறந்து பார்த்தாள். மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். இப்போதெல்லாம் எதை வைத்தாலும் இப்படித்தான் என்றாள். ரத்தக் குப்பிகளில் பெயர் மாறிவிடுமோ என்று பயந்து வேலையையும் விட்டுவிட்டாளாம். “ஒரு டப்பாவ எடுத்து வைக்கத் துப்பில்லாதவ நான்,” என்றாள். தப்பான ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: அவள் டப்பாவை வைத்தாள். எடுத்தது நான். சாக்கைப் போர்த்தியது நான். பகடையில் விழாத பெயரைச் சொன்னது நான். வளைவுக்கு வளைவு மருந்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவன் சாவதைப் பார்த்தது நான். முத்துக்கண்ணனைக் கொன்றது நான்.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். சூர்யகலாவிடம் சொல்லும்போது மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள், விஷயத்தை முழுதாகச் சொன்னால் அவளும் பைரோஸும் என் பக்கத்து நியாயத்தைப் புரிந்துகொள்வார்கள். இன்னொரு சின்ன உதவி. இன்று புதன்கிழமை. பைரோஸுக்கு யாரையாவது விட்டு ஒரு போன் போட்டு, எனக்குக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிடுங்கள். நான் இல்லாமல் அவர்கள் தொடங்கமாட்டார்கள்.